குடிமக்கள் அறிவியல் திட்டமிடல்

குடிமக்கள் அறிவியல் திட்டமிடல் என்பது, அறிவியலைத் தொழிலாகக் கொள்ளாத பொதுமக்கள் பங்கேற்கும் ஓர் ஆய்வினை வடிவமைத்து, சோதித்துப் பார்த்து, தொடங்கி, அதன் முடிவுகளைப் பொதுவில் வைப்பது வரையான செயல்முறை ஆகும். பறவைகளை எண்ணுதல், மரங்கள் பூக்கும் காலத்தைக் குறித்தல், மாறும் விண்மீன்களின் ஒளியை மதிப்பிடுதல், இரவு வானத்தின் இருளை அளத்தல் போன்ற பணிகள் இவ்வகையில் நடைபெறுகின்றன. இத்தகைய ஆய்வில் திரளும் தரவுகளின் பயன், முதல் நோக்குநர் களத்தில் இறங்கும் முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. எதைக் கேட்பது, எவ்வாறு அளப்பது, எவற்றைப் பதிவது ஆகிய மூன்றும் தொடக்கத்தில் பிழையாக அமைந்தால், பிற்பாடு எத்தனை ஆயிரம் பதிவுகள் சேர்ந்தாலும் அப்பிழையை நீக்குவது கடினம்.

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் அமைந்துள்ள காவலூர் வானாய்வகம் இத்துறையின் வரலாற்றோடு தொடர்புடைய இடமாகும். வங்காளத்தைச் சேர்ந்த ஒரு கருவூல ஊழியர் ஆயிரக்கணக்கான விண்மீன் நோக்கீடுகளுக்குப் பயன்படுத்திய தொலைநோக்கி பின்னாளில் இங்கு வந்து சேர்ந்தது.

சொல்விளக்கம்

"குடிமக்கள் அறிவியல்" என்னும் சொல் 1990களில் பரவலாயிற்று. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் இர்வின் 1995 இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லைக் குடிமக்களின் தேவைகளுக்குப் பொறுப்பேற்கும் அறிவியல் என்ற பொருளில் ஆண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிக் பானி, பொதுமக்கள் தரவு திரட்டும் ஆய்வுகளைக் குறிக்க இதனைப் பயன்படுத்தினார். இன்று பெரும்பாலும் இரண்டாவது பொருளே வழக்கில் உள்ளது.

தமிழில் "மக்கள் அறிவியல்" என்ற சொல்லும் இதற்கு ஆளப்படுகிறது. ஆனால் இந்தியாவில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. 1962 இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980 இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் அறிவியலை மக்களிடம் கொண்டு செல்லும் பணியால் மக்கள் அறிவியல் இயக்கங்கள் எனப்படுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தழுவினாலும் ஒன்றல்ல. ஒன்றில் அறிவியல் மக்களிடம் செல்கிறது. மற்றொன்றில் மக்களிடமிருந்து தரவு அறிவியலுக்கு வருகிறது.

வரலாறு

பெயர் புதியதாயினும் நடைமுறை பழையது. 1900 ஆம் ஆண்டு கிறித்துமசு நாளன்று பிராங்க் சாப்மன் என்னும் பறவையியலாளரின் முயற்சியால் வட அமெரிக்காவில் 25 இடங்களில் 27 பேர் பறவைகளை எண்ணினர். பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் கிறித்துமசுக் காலப் போட்டிக்கு மாற்றாக அது முன்வைக்கப்பட்டது. அக்கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

வானியலில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது, அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் கழகம் ஆகும். ஆர்வர்டு வானாய்வகத்தின் எட்வர்டு பிக்கெரிங் அளித்த ஊக்கத்தால், வழக்கறிஞரான வில்லியம் டைலர் ஆல்காட் 1911 இல் இதனைத் தொடங்கினார். ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்கள் எண்ணிக்கையில் மிகுதி. அவற்றை இரவு தவறாமல் பார்க்கத் தொழில்முறை வானியலாளர்களின் எண்ணிக்கை போதாது. இந்தப் பற்றாக்குறையே தன்னார்வ நோக்குநர்களை அறிவியலுக்கு இன்றியமையாதவர்களாக்கியது. கழகத்தின் தரவுத்தளத்தில் இன்று 5 கோடிக்கும் மேற்பட்ட நோக்கீடுகள் உள்ளன.

இந்தியாவில் அண்மைக் காலத் திட்டங்களுள் சில:

- வலசைக் கண்காணிப்பு (மைக்ரன்ட்வாட்ச்): வலசை வரும் பறவைகளின் முதல் வருகை நாளைப் பதிவதற்காக 2007 இல் தொடங்கப்பட்டது.
- பருவக் கண்காணிப்பு (சீசன்வாட்ச்): தெரிவு செய்த ஒரு மரத்தை வாரந்தோறும் பார்த்து அதன் இலை, பூ, காய் நிலைகளைப் பதியும் திட்டம். பள்ளி மாணவர்கள் பெருமளவில் பங்கேற்கின்றனர்.
- ராட்@ஹோம்: வானொலித் தொலைநோக்கிப் படிமங்களிலிருந்து விண்மீன் பேரடைகளைத் தேட மாணவர்களைப் பயிற்றுவிக்கும் திட்டம். 2013 இல் தொடங்கப்பட்டது.
- பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு: தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் நடைபெறுகிறது.
- கேரளப் பறவை வரைபடம்: 2015 முதல் 2020 வரை ஏறத்தாழ 1,000 தன்னார்வலர்கள் 4,000 க்கும் மேற்பட்ட கட்டங்களில் நடத்திய கணக்கெடுப்பு.

காவலூரும் ராதா கோவிந்த சந்திராவும்

ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள இம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. நகர விளக்குகளிலிருந்து விலகிய இருண்ட வானம், நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியையும் காண இயலுதல் ஆகிய காரணங்களால் 1960களில் வானியலாளர் வைணு பாப்பு இவ்விடத்தைத் தெரிவு செய்தார். 1968 இல் 38 செ.மீ தொலைநோக்கியும், 1972 இல் 1 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. 1977 மார்ச் 10 அன்று யுரேனசுக் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்ட நிகழ்வில் காவலூர் நோக்கீடுகளும் இடம்பெற்றன. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 இல் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது.

இப்பெரிய கருவிகளோடு ஒப்பிட எளிய, 6 அங்குல அளவிலான ஒரு தொலைநோக்கியும் காவலூருக்கு வந்து சேர்ந்தது. இது ராதா கோவிந்த சந்திரா (1878 - 1975) பயன்படுத்தியது. இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ஜெசோரில் பிறந்த இவர் அவ்வூர்க் கருவூலத்தில் பணிபுரிந்தார். பல்கலைக்கழகப் பட்டமோ வானியலில் முறையான பயிற்சியோ இவருக்கு இல்லை. 1910 இல் ஏலியின் வால்வெள்ளியை நோக்கினார். 1918 இல் கழுகு விண்மீன் குழுவில் தோன்றிய நோவாவைக் கண்டவர்களுள் இவரும் ஒருவர். அதன் வழியே ஆர்வர்டு வானாய்வகத்தோடும் மாறும் விண்மீன் நோக்குநர் கழகத்தோடும் தொடர்பு ஏற்பட்டது. 1926 இல் கழகம் இத்தொலைநோக்கியை இவருக்கு அளித்தது. 1954 வரையான காலத்தில் இவர் அனுப்பிய நோக்கீடுகள் 37,000 க்கும் மேற்பட்டவை.

முதுமையால் நோக்கீடுகளை நிறுத்திய பின் இத்தொலைநோக்கி, அப்போது உத்தரப் பிரதேச மாநில வானாய்வகத்தில் பணியாற்றிய வைணு பாப்புவிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது காவலூருக்குக் கொண்டுவரப்பட்டது. பாப்புவும் இளமையில் ஐதராபாத்தில் மாறும் விண்மீன்களை நோக்கியவரே ஆவார்.

சந்திராவின் பதிவுகள் இன்றும் பயன்படத்தக்கனவாக இருப்பதற்கு அவருடைய உழைப்பு ஒரு காரணம். கழகத்தின் முறை மற்றொரு காரணம். நோக்குநர் எல்லோருக்கும் ஒரே வரைபடம் அனுப்பப்பட்டது. அதில் ஒளியளவு அறியப்பட்ட அண்டை விண்மீன்கள் குறிக்கப்பட்டிருந்தன. மாறும் விண்மீன் அவற்றுள் எதனைவிட மங்கல், எதனைவிடப் பொலிவு என்று ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும். காலம் ஊர் நேரத்தில் அன்றி யூலியன் நாள் எண்ணில் குறிக்கப்பட வேண்டும். விண்மீன் தென்படாவிட்டால், "இந்த ஒளியளவை விட மங்கல்" என்று அதையும் எழுத வேண்டும். இதனால் ஜெசோரில் எழுதப்பட்ட ஓர் எண்ணை மாசசூசெட்சில் எழுதப்பட்ட எண்ணுக்கு அருகில் வைத்து ஒரே வரைபில் குறிக்க முடிந்தது.

திட்டமிடலின் படிகள்

1. வினாவைத் தெரிவு செய்தல்

திட்டம் ஒரு தலைப்போடு அல்லாமல் ஒரு வினாவோடு தொடங்க வேண்டும். "ஜவ்வாது மலைப் பறவைகள்" என்பது தலைப்பு. "மலையடிவாரக் குளங்களுக்கு வலசைப் பறவைகள் வரும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதா" என்பது வினா. வினா இருந்தால்தான் எங்கு, எப்போது, எத்தனை முறை அளக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

அவ்வினாவுக்குப் பலருடைய பங்கேற்பு உண்மையில் தேவையா என்பதையும் ஆராய வேண்டும். ஒரே நேரத்தில் பல இடங்களில் அளக்க வேண்டியவை, பல்லாண்டுகள் தொடர வேண்டியவை, கணினியைவிட மனிதக் கண் நன்கு செய்யும் வகைப்படுத்தல்கள் ஆகியவை குடிமக்கள் அறிவியலுக்கு ஏற்றவை. விலையுயர்ந்த கருவியோ நீண்ட பயிற்சியோ வேண்டுபவை பொதுவாக ஏற்றவை அல்ல.

2. இருக்கும் திட்டங்களை அறிதல்

அதே பணியைச் செய்யும் திட்டம் ஏற்கனவே இருந்தால் அதில் இணைவது பெரும்பாலும் சிறந்தது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தனக்கெனத் தரவுத்தளம் எதையும் உருவாக்கவில்லை. 2002 இல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் தொடங்கிய ஈபேர்டு தளத்தையே பயன்படுத்துகிறது. இதனால் தமிழ்நாட்டில் நான்கு நாட்களில் திரளும் பட்டியல்கள் இந்தியா முழுமைக்குமான பகுப்பாய்வில் தாமாகவே சேர்கின்றன. 2023 இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்குநர்கள் அளித்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது.

3. அளவீட்டு முறையை வகுத்தல்

முறை, புதியவர் ஒருவர் ஒரு பக்கக் குறிப்பைப் படித்துப் பின்பற்றும் அளவுக்கு எளிமையாக இருக்க வேண்டும். அதே வேளையில் இருவர் ஒரே பொருளை அளந்தால் ஒத்த விடை கிடைக்கும் அளவுக்குத் திட்டவட்டமாகவும் இருக்க வேண்டும். "மரம் நன்றாகப் பூத்துள்ளதா" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விடை வரும். பருவக் கண்காணிப்பில் பூக்களின் அளவு "இல்லை", "சில", "பல" என்ற வகைகளில் மட்டும் கேட்கப்படுவது இதனாலேயே ஆகும்.

"இல்லை" என்பதையும் பதியச் செய்வது இப்படியின் மிக முக்கியமான பகுதியாகும். பார்த்த பறவைகளுள் அரியவற்றை மட்டும் எழுதினால், எழுதப்படாத பறவை அங்கு இல்லையா, எழுதப்படவில்லையா என்பது தெரியாது. எனவே பறவைக் கணக்கெடுப்புகளில் குறைந்தது 15 நிமிடம் நோக்கி, இனங்கண்ட எல்லாப் பறவைகளையும் பட்டியலிடுமாறு கேட்கப்படுகிறது. காகமும் மைனாவும் விடுபடாத பட்டியலிலிருந்துதான் சிட்டுக்குருவி குறைந்துள்ளதா என்பதைக் கணக்கிட முடியும்.

4. பதிவுப் படிவம்

படிவத்தில் கேள்விகள் கூடக்கூடப் பங்கேற்பு குறையும். ஆயினும் கீழ்க்கண்டவை இன்றியமையாதவை:

- நோக்குநரின் குறியீடு (பெயர் வெளியிடப்பட வேண்டியதில்லை)
- இடம் (அகலாங்கு, நெட்டாங்கு அல்லது வரைபடத்தில் குறித்த புள்ளி)
- நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம்
- அளவீடு
- அளவீட்டைப் பாதிக்கக்கூடிய சூழல் (மேகம், மழை, நிலவு போன்றவை)
- குறிப்பு

நேரமும் முயற்சியும் குறிக்கப்படாத பதிவு, பிற பதிவுகளோடு ஒப்பிட இயலாததாகிவிடும். ஐந்து நிமிடத்தில் கண்ட பத்துப் பறவைகளும் ஐந்து மணி நேரத்தில் கண்ட பத்துப் பறவைகளும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. மலைப்பகுதிகளில் இணைய இணைப்பு சீராக இராது என்பதால் தாள் படிவமும் இருத்தல் வேண்டும்.

5. முன்னோட்டம்

அறிவிப்புக்கு முன் பத்து அல்லது இருபது பேரைக் கொண்டு முறையைச் சோதிக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அனைவரையும் தனித்தனியே அளக்கச் செய்து விடைகளை ஒப்பிட்டால், முறையில் உள்ள தெளிவின்மை வெளிப்படும். விடைகள் பரவலாகச் சிதறினால் குறை பெரும்பாலும் படிவத்திலோ விளக்கத்திலோ இருக்கும். முன்னோட்டத் தரவைப் பகுப்பாய்வு வரை கொண்டு செல்வதும் தேவை. வினாவுக்கு விடை காண வேண்டிய ஒரு தகவல் படிவத்தில் விடுபட்டிருந்தால் அது இக்கட்டத்தில் தெரியவரும். பத்தாயிரம் பதிவுகளுக்குப் பின் தெரியவந்தால் பயனில்லை.

6. பங்கேற்பாளர்களும் பயிற்சியும்

தன்னார்வத் திட்டங்களில் சிலரே பெரும்பகுதிப் பதிவுகளை அளிப்பதும், பலர் ஒரு முறையோடு நின்றுவிடுவதும் இயல்பு. இவ்விரு பிரிவினருக்கும் இடமளிக்குமாறு திட்டமிட வேண்டும். பொங்கல் போன்ற விடுமுறையோடு இணைந்த கணக்கெடுப்பு, புதியவர்களுக்கு எளிய நுழைவாயிலாகிறது. தொடர்ந்து செய்ய விரும்புவோருக்கு ஆண்டு முழுவதற்குமான பணி இருக்க வேண்டும். உயிரினங்களின் ஊர்ப் பெயர்களையும் வழிகாட்டிக் குறிப்பில் சேர்ப்பது, பள்ளிப் பாடத்தில் வராத அறிவுடையோரைத் திட்டத்துக்குள் கொண்டுவரும்.

7. சரிபார்ப்பு

சரிபார்ப்புக்கு மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது, பலரைக் கொண்டு ஒன்றையே அளத்தல். 2007 இல் தொடங்கிய கேலக்சி சூ திட்டத்தில் ஒவ்வொரு விண்மீன் பேரடையின் படமும் பலரால் வகைப்படுத்தப்பட்டு, அவர்களின் விடைகள் ஒப்பிடப்பட்டன. இரண்டாவது, வழக்கத்துக்கு மாறான பதிவுகளைக் கணினி பிரித்தெடுத்து, அப்பகுதியை அறிந்த நிபுணரிடம் அனுப்புதல். ஈபேர்டு இம்முறையைப் பின்பற்றுகிறது. மூன்றாவது, மாதிரிக்குச் சில இடங்களில் கருவியைக் கொண்டு அளந்து ஒப்பிடுதல்.

இங்கு இருவகைப் பிழைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவர் சற்றுக் கூட்டியும் மற்றொருவர் சற்றுக் குறைத்தும் மதிப்பிடுவது தற்செயல் பிழை. பதிவுகள் நான்கு மடங்கானால் சராசரியில் இப்பிழை பாதியாகும். எல்லோரும் ஒரே பக்கமாகப் பிழைபடுவது முறைசார் பிழை. பதிவுகள் எவ்வளவு பெருகினாலும் இது குறையாது. சாலையோரங்களில் மட்டும் நோக்குவது, விடுமுறை நாட்களில் மட்டும் நோக்குவது போன்றவை இவ்வகையின. கேரளப் பறவை வரைபடத்தில் மாநிலம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, எந்தக் கட்டங்களில் நோக்க வேண்டும் என்பது முன்பே தெரிவு செய்யப்பட்டது. விருப்பமான இடங்களுக்கே அனைவரும் செல்வதால் வரும் சாய்வு இதனால் தவிர்க்கப்பட்டது.

8. முடிவுகளைத் திருப்பியளித்தல்

தரவு தந்தவருக்கு அத்தரவு என்னவாயிற்று என்பது தெரிய வேண்டும். அளித்த உடன் வரைபடத்தில் தம் புள்ளியைக் காணுதல், ஆண்டு இறுதியில் எளிய தமிழில் ஓர் அறிக்கை, வெளியீடுகளில் நன்றியுரை ஆகியவை குறைந்த அளவுக் கடமைகள். தரவுகள் எந்த உரிமத்தில் வெளியாகும், திட்டம் நின்றுபோனால் எங்கே காக்கப்படும் என்பவற்றையும் தொடக்கத்திலேயே அறிவிப்பது நல்லது. சந்திரா நோக்குவதை நிறுத்தி எழுபது ஆண்டுகள் ஆன பின்னும் அவருடைய எண்கள் கிடைப்பதற்கு, அவற்றை ஏற்றுக் காத்த ஓர் அமைப்பு இருந்ததே காரணம்.

எடுத்துக்காட்டு: ஜவ்வாது மலையின் இரவு வானம்

மேற்கண்ட படிகளை விளக்க, காவலூரைச் சுற்றிய வானத்தின் இருளை அளக்கும் ஒரு மாதிரித் திட்டத்தைக் கருதலாம்.

இரவில் விளக்குகளிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் ஒளி காற்றிலுள்ள துகள்களில் பட்டுச் சிதறி வானத்தை வெளுக்கச் செய்கிறது. இது ஒளி மாசு எனப்படும். மங்கலான விண்மீன்கள் முதலில் மறைகின்றன. 2023 இல் சயன்சு இதழில் கிறிசுடோபர் கைபாவும் பிறரும் வெளியிட்ட ஆய்வு, 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் அளித்த 51,351 நோக்கீடுகளை ஆராய்ந்து, வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடிவருவதாகக் கண்டது. இவ்வேகத்தில் எட்டு ஆண்டுகளுக்குள் வெளிச்சம் இரு மடங்காகும். செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டிய உயர்வு இதைவிட மிகக் குறைவு. எல்.இ.டி விளக்குகளின் நீல ஒளியை அச்செயற்கைக்கோள் கருவியால் உணர முடியாது என்பது இதற்கு ஒரு காரணம். வெறுங்கண்ணால் பார்த்த பொதுமக்கள், விண்வெளியிலிருந்த கருவி தவறவிட்டதைப் பதிந்திருந்தனர்.

அந்நோக்கீடுகள் 2006 இல் தொடங்கிய குளோப் அட் நைட் என்னும் திட்டத்தில் திரண்டவை. அவற்றுள் பெரும்பகுதி வட அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவை. வளரும் நாடுகளில் வானம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கூறப் போதிய பதிவுகள் இல்லை. இருண்ட வானத்துக்காகத் தெரிவு செய்யப்பட்ட ஒரு வானாய்வகத்தை உடைய ஜவ்வாது மலையில் இவ்விடைவெளி பொருட்படுத்தத்தக்கது. மலையைச் சுற்றி வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் போன்ற நகரங்கள் உள்ளன.

வினா: மலைமேல் ஊர்களிலும் மலையடிவார ஊர்களிலும் வானத்தின் இருள் எவ்வளவு வேறுபடுகிறது, அவ்வேறுபாடு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா?

முறை: சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின், நிலவில்லாத இரவில், விளக்கு கண்ணில் படாத இடத்தில் நின்று, கண் இருளுக்குப் பழகும்வரை குறைந்தது பத்து நிமிடம் காத்திருத்தல். பின் ஓரியன் விண்மீன் குழுவைப் பார்த்து, வெவ்வேறு அளவு விண்மீன்களைக் காட்டும் வரைபடங்களுள் எது கண்ணில் தெரிவதோடு ஒத்துள்ளது எனத் தெரிவு செய்தல். குளோப் அட் நைட் திட்டத்தின் முறை இதுவே என்பதால் தரவுகளை நேரடியாக அதில் சேர்க்கலாம்.

காலம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் சனவரி முதல் மார்ச்சு வரையான அமாவாசையை ஒட்டிய நாட்கள். மாலையில் ஓரியன் நன்கு தென்படுவதும் இக்காலத்திலேயே ஆகும்.

இடம்: ஆண்டுதோறும் மாறாத குறிப்பிட்ட இடங்கள். மாற்றத்தை அறிய, நூறு இடங்களில் ஒருமுறை அளப்பதைவிட இருபது இடங்களில் ஆண்டுதோறும் அளப்பது பயன் தரும். பள்ளி வளாகம், கோயில் திடல், வீட்டு முற்றம் ஆகியவை ஏற்றவை.

சரிபார்ப்பு: சில இடங்களில் வானொளிமானி கொண்டு அளந்து ஒப்பிடுதல். இக்கருவி வானத்தின் ஒளியை ஒரு சதுர வில்விநாடிக்கு இத்தனை ஒளியளவு என்று காட்டும். இயற்கையான இருண்ட வானில் இது ஏறத்தாழ 22 ஆகும். எண் குறையக்குறைய வானம் வெளுத்துள்ளது என்று பொருள். ஓர் அலகு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 2.5 மடங்கு கூடியுள்ளது எனக் கொள்ள வேண்டும்.

முடிவின் பயன்: விளக்குகளுக்கு மேல்மூடி அமைத்தல், தேவையற்ற வெளிச்சத்தைக் குறைத்தல் ஆகியவை எளிய தீர்வுகள். எந்த ஊரில் இவை முதலில் தேவை என்று ஊராட்சிக்குக் காட்ட அளவீடுகள் உதவும். வானத்தின் இருளைக் காப்பதில் ஊர்மக்கள் பங்கேற்பதற்கு இந்தியாவில் முன்னோடி உண்டு. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் மற்றொரு வானாய்வகம் அமைந்துள்ள லடாக்கின் ஆன்லேயில், 2022 இல் இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கு உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்று, வருவோருக்கு வானத்தைக் காட்டி வருமானமும் ஈட்டுகின்றனர்.

அறமும் சட்டமும்

- பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரின் தனித்தகவல்களைத் திரட்டப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் தேவை என்பது 2023 ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதியாகும். பள்ளி மாணவர்கள் பங்கேற்கும் திட்டங்களுக்கு இது முக்கியமானது.
- காப்புக் காடுகளுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். இரவு நோக்கீடுகளைக் காட்டுக்குள் அல்லாமல் குடியிருப்புகளை ஒட்டியே அமைப்பது பாதுகாப்பானது.
- கடத்தலுக்கு உள்ளாகும் சந்தனம் போன்ற மரங்கள், அரிய உயிரினங்களின் கூடுகள் ஆகியவற்றின் துல்லியமான இடத்தை வெளியிடலாகாது.
- பழங்குடி மக்களிடம் உள்ள தாவர, விலங்கு அறிவைப் பதியும்போது அவர்களின் முன் ஒப்புதல் பெறப்பட வேண்டும். இத்தகைய அறிவின் வணிகப் பயன்பாட்டில் பலனைப் பகிர்தல் குறித்து 2002 ஆம் ஆண்டின் உயிரியப் பல்வகைமைச் சட்டம் கூறுகிறது.

விமர்சனங்கள்

பயிற்சியற்றோர் திரட்டும் தரவு நம்பத்தக்கதன்று என்பது நெடுநாளைய விமர்சனமாகும். முறை சீராக வகுக்கப்பட்ட திட்டங்களில் இது பெரும்பாலும் பொருந்துவதில்லை; முறை வகுக்கப்படாதவற்றில் மிகவும் பொருந்துகிறது. திறன்பேசியும் ஓய்வு நேரமும் உடைய நகர்ப்புறத்தாரே பெரும்பாலும் பங்கேற்பதால் தரவுகள் நகரங்களை ஒட்டிக் குவிகின்றன என்பது மற்றொரு விமர்சனம். மலை ஊர்களும் சிற்றூர்களும் வரைபடத்தில் வெற்றிடமாக நிற்பதற்கு இது ஒரு காரணமாகும்.

மூன்றாவதாக, பொதுமக்கள் ஊதியமில்லாத் தரவுத் தொழிலாளர்களாக மட்டும் நடத்தப்படுகின்றனர் என்ற குறையும் கூறப்படுகிறது. வினாவைத் தெரிவு செய்வதிலேயே உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொள்வதும், தரவுகளை அவர்கள் தம் தேவைக்குப் பயன்படுத்தும் வடிவில் அளிப்பதும் இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுகின்றன. புளியும் பலாவும் தேனும் வாழ்வாதாரமாக உள்ள மலையூர்களில், பூக்கும் காலத்தின் மாற்றம் ஆய்வாளரைவிட ஊர்மக்களுக்கே முதலில் தேவைப்படும் செய்தியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஜவ்வாது மலை
- வைணு பாப்பு வானாய்வகம்
- மாறும் விண்மீன்
- ஒளி மாசு
- பறவை நோக்கல்
- தமிழ்நாடு அறிவியல் இயக்கம்